நீல மூடிக்குள் வேப்பெண்ணெய் வாசம்

லாரியின் பக்கவாட்டில் இருந்த நீல மூடியைச் செல்லப்பாண்டி திருகித் திறந்தான். குப்பென்று வேப்பெண்ணெய் வாசம் அடித்தது. டீசலும் கிரீஸும் மணக்க வேண்டிய தேனி பைபாஸ் ஒர்க்‌ஷாப்பில் நாட்டு மருந்துக் கடை வாசம்.

செல்லப்பாண்டி எங்கள் மெக்கானிக். மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் லாரி ஓனரைப் பார்த்தேன். ஓனர் வானத்தைப் பார்த்தார்.

ஓனர் வேறு யாருமில்லை. என் அப்பாவின் தம்பி, அருளப்பன் சித்தப்பா.

"சித்தப்பா, இதுக்குள்ள என்னத்த ஊத்துனீக?"

"யூரியாதான்."

"எந்த யூரியா?"

"யூரியாவுல என்ன ஆத்தா எந்த யூரியா? ஒங்க கம்பெனி குடுத்த புஸ்தகத்துலயே யூரியான்னுதான போட்டிருக்கு? வீட்ல அரை மூட்டை கெடந்துச்சு. கொடத்துல கரைச்சு, வேட்டித் துணிய மடிச்சு வடிகட்டி ஊத்துனேன். அம்புட்டு சுத்தம்."

செல்லப்பாண்டி லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். வேலை பார்க்க இல்லை, சிரிக்க. ஸ்பானர் தரையில் விழும் சத்தமும் அவன் இருமலும் மாறி மாறிக் கேட்டன.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. காரணம், தார்ப்பாய்க்கு அடியில் பெட்டி பெட்டியாக இருந்தது.

கொடியா, தென்னையா

அது ஞானம் சித்தியின் திராட்சை. சுருளிப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே சித்தப்பாவுக்கு ஒரு தோட்டம் உண்டு. பழைய கொடிகள் நோய் விழுந்து காய்ந்த பிறகு, "போதும்டா சாமி, தென்னைய வச்சுட்டுத் தண்ணி பாச்சிட்டுக் கெடப்போம்" என்று சித்தப்பா முடிவு கட்டிவிட்டார். சித்தி கேட்கவில்லை. தானே குச்சி வாங்கி வந்து நட்டு, பந்தலில் ஏற்றி, ஒவ்வொரு கொடியாகக் கட்டி வளர்த்தார். பன்னீர் திராட்சை.

ஊரில் ஒருவர் விடாமல் வந்து புத்தி சொன்னார்கள். மண் களைத்துப் போச்சு என்றார்கள், மருந்தடித்து மாளாது என்றார்கள். சித்தப்பாவுக்கு அது தெம்பாகிவிட்டது. கடைசியில் இருவரும் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு பேச்சுக்கு வந்தார்கள். முதல் அறுப்பைச் சித்தி ஒழுங்காக விற்றுக் காட்டினால் கொடி இருக்கும். காட்டாவிட்டால் பந்தலைப் பிரித்துத் தென்னை.

ஐப்பசி மழையில் ஊரெல்லாம் பழம் வெடித்தது. சித்தியின் பழம் எப்படியோ தப்பியது. கார்த்திகை பிறந்ததும் அறுத்துப் பெட்டியில் அடுக்கி, சித்தப்பாவின் புது லாரியிலேயே திண்டுக்கல் சந்தைக்கு அனுப்பினார். பன்னீர் திராட்சைக்குத் தோல் மெலிசு. அன்றைக்கே விற்றால் பழம். மறுநாள் காம்பிலிருந்து உதிரத் தொடங்கிவிடும்.

அந்த லாரிதான் தேனிக்கு வருவதற்குள் நடை வண்டி வேகத்துக்கு வந்து, எங்கள் வாசலில் நின்றது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

மாதாவுக்குப் பின்னால் ஒரு விளக்கு

நான் அங்கே சர்வீஸ் அட்வைசர். வண்டி வந்தால் முதலில் என்னிடம்தான் வர வேண்டும். மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து அந்த நாற்காலியில் உட்கார்ந்த புதிதில், வருகிற டிரைவர் எல்லோரும் என் தலைக்கு மேலே எட்டிப் பார்த்து, "சார் இல்லையாம்மா?" என்பார்கள். "சாரு நாந்தேன், சொல்லுங்க" என்பேன். அப்படியும் சிலர் டீ குடித்துவிட்டு வருவதாகப் போய், வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று ஜன்னல் வழியாகப் பார்ப்பார்கள். அந்த எரிச்சலில்தான் எனக்கு இந்த வாய் வளர்ந்தது என்று அம்மா சொல்வார். பிறந்தபோதே இருந்தது என்பது அப்பாவின் கட்சி.

சித்தப்பாவைக் கேபினில் ஏற்றி நானும் ஏறினேன். "வெளக்கு எதுவும் எரியலையா? வண்டி முன்னாடியே சொல்லியிருக்குமே?"

"எரியலையே."

டாஷ்போர்டைப் பார்த்தேன். மீட்டர்களுக்கு நடுவில் வேளாங்கண்ணி மாதாவின் ஸ்டிக்கர் ஒன்று பளபளவென்று ஒட்டியிருந்தது. மாதாவைச் சுற்றி மஞ்சளாக ஓர் ஒளிவட்டம். என் மனம் சும்மா இருக்குமா? ஸ்டிக்கரின் ஓரத்தை மெல்ல உரித்தேன். அடியில் எச்சரிக்கை விளக்கு கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"இது என்ன சித்தப்பா?"

"அது ரெண்டு மூணு நாளா என்னையவே மொறைச்சுக்கிட்டு இருந்துச்சு புள்ள. அதான் மாதா பாத்துக்கிடட்டும்னு ஒட்டி விட்டேன்."

"மாதா பாத்துக்கிட்டதாலதான் நடு ரோட்டுல நிக்காம இங்கன வரைக்கும் வந்திருக்கீக" என்றேன். அதற்கும் அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். இப்படிப்பட்ட மனிதரிடம் எவ்வளவு நேரம் கோபமாக இருக்க முடியும்?

காற்றுக்கு வரும் கோபம்

'லாரிக்கு எதற்கம்மா யூரியா? அது என்ன பயிரா?' என்று இந்தத் தொடரின் போன வாரத்துப் பகுதியைப் படித்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். சித்தப்பாவும் அன்றைக்கு இதையேதான் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

நாம் சுவாசிக்கிற காற்றில் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன். பரம சாது. கல்யாண வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்து, சாப்பிட்டு, யாரோடும் பேசாமல் போய்விடுகிற ஒன்றுவிட்ட மாமா மாதிரி. பக்கத்திலேயே பிராணவாயு இருந்தாலும் அதனோடு சேராது.

டீசல் இன்ஜினுக்குள் எரிகிற தீ, இரும்பை உருக்கும் சூட்டையும் தாண்டும். அந்தச் சூட்டில் இந்தச் சாது மாமாவுக்கும் கோபம் வந்துவிடுகிறது. பிராணவாயுவோடு கூட்டுச் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடாக வெளியே வருகிறது. எங்கள் தொழிலில் நாக்ஸ் என்போம். டீசலைக் குறை சொல்லிப் பயனில்லை, வந்ததெல்லாம் காற்றிலிருந்துதான்.

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். இது புகையே தெரியாமல் வருகிற சங்கதி. கம்பத்திலிருந்து எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் பழைய ஜீப்புகள் மேட்டில் ஏறும்போது கரும்புகை கக்கும். பின்னால் போகிறவன் வைவான். அது அரைகுறையாக எரிந்த டீசல். நன்றாக எரிய வைத்தால் கரும்புகை குறையும். ஆனால் சூடு ஏறும், சூடு ஏறினால் நாக்ஸ் ஏறும். இன்ஜின் செய்கிறவர்களுக்கு இது தீராத தலைவலி.

இதை அடக்க இரண்டு வேலை செய்கிறார்கள். எரிந்து முடிந்த புகையில் கொஞ்சத்தை ஆறவைத்து மறுபடியும் இன்ஜினுக்குள்ளேயே அனுப்புவது ஒன்று. அதில் பிராணவாயு குறைவு என்பதால் தீ ரொம்பத் துள்ளாது. அதையும் மீறி வருகிற நாக்ஸைப் புகைக்குழாயில் வைத்து மடக்குவது இன்னொன்று. அங்கேதான் யூரியா வருகிறது. சுத்தமான யூரியாவை உப்பே இல்லாத தண்ணீரில் கரைத்து விற்கிறார்கள், டெஃப் என்று பெயர். நீல மூடித் தொட்டியில் அதைத்தான் ஊற்ற வேண்டும். ஒரு சின்ன இன்ஜெக்டர் அதைச் சூடான புகைமேல் தூறலாகத் தெளிக்கும். யூரியா அம்மோனியாவாக மாறி, அடுத்த அறையில் நாக்ஸைப் பிடித்து, பழையபடி நைட்ரஜனும் நீராவியுமாக்கி வெளியே விடும். மாமா சாந்தமாக வீடு போய்ச் சேருவார்.

வயலுக்குப் போடும் யூரியாவில் வேப்பெண்ணெய் பூசியிருப்பார்கள். மண்ணில் மெல்லக் கரைய வேண்டும் என்பதற்காக. பயிருக்கு அமிர்தம். லாரிக்கு அந்த எண்ணெயும் எங்கள் ஊர் போர் தண்ணீரின் உப்பும் சேர்ந்தால், ஊசிமுனைத் துளையெல்லாம் அடைத்துக்கொள்ளும். உள்ளே போனது சரியான சரக்கில்லை என்று தெரிந்ததும் லாரி முதலில் விளக்கைப் போடும். கண்டுகொள்ளாவிட்டால் இழுவையைக் குறைத்துவிடும்.

"அப்ப வண்டிக்கு என்னையவிட வெவரம் சாஸ்திங்குற" என்றார் சித்தப்பா.

"மாதா ஸ்டிக்கர் ஒட்டாத அளவுக்கு இருக்கு."

நடுவில் ஒரு பாய்லர்

இந்த நைட்ரஜன் விவகாரம் எனக்கு லாரியில் தொடங்கியது அல்ல. படிப்பு முடிந்ததும், இங்கே சேருவதற்கு முன், ஒரு மில்லில் பாய்லர் பக்கம் பயிற்சிக்குப் போட்டார்கள். நிலக்கரி, கடலைத் தொலி, கிடைத்ததெல்லாம் எரியும். டீசல் மாதிரி இல்லை இவை. நைட்ரஜன் அந்தப் பொருளுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். சூடு அவ்வளவு ஏறாவிட்டாலும் நாக்ஸ் வரும்.

அதனால் அங்கே காற்றை ஒரே மூச்சில் கொடுக்க மாட்டார்கள். கீழே கொஞ்சம் குறைத்துக் கொடுத்துத் தீயை ஏங்க விடுவார்கள். பிராணவாயு பற்றாத அந்த இடத்தில் நைட்ரஜன் தன் இனத்தோடு சேர்ந்து அடங்கிவிடும். மிச்சக் காற்றை மேலே கொடுத்து எரிப்பை முடிப்பார்கள்.

வீட்டுக்கு வந்து இதைப் பெருமையாக அம்மாவிடம் சொன்னேன். "கேட்டதெல்லாம் ஒரே நேரத்துல குடுக்காம ஏங்க விட்டுப் பெறவு குடுக்குறதா? ஒன்னைய அப்பிடித்தாண்டி வளத்தேன். எங்கன அடங்குன?" என்றார். அத்தோடு அம்மாவிடம் தொழில் பேசுவதை விட்டுவிட்டேன்.

சரி, லாரிக்கு வருவோம். பழம் வெயிலில் நிற்கிறது.

சித்தி பஸ்சில் வந்தார்

தொட்டியை இறக்கிக் கழுவ வேண்டும், பில்டரை மாற்ற வேண்டும், இன்ஜெக்டரைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டுக் கட்டியைக் கரைக்க வேண்டும். "சாயங்காலம் ஆயிரும்க்கா" என்றான் செல்லப்பாண்டி. சித்தப்பா தெரிந்த லாரிக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டார். சபரிமலை சீசன். ஒரு வண்டியும் சும்மா இல்லை. நான் தார்ப்பாயை அவிழ்த்துக் காற்றோட்டமாக வைத்துவிட்டுச் சித்திக்குப் போன் செய்தேன்.

மத்தியானத்துக்கு முன்பே சித்தி தூக்குவாளியோடு பஸ்சில் வந்து இறங்கினார். மெலிந்த உடம்பு, வேக நடை. நேராக லாரிக்குப் போய் ஒரு பெட்டியைத் திறந்து, ஒரு கொத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டார். அப்புறம்தான் புருஷனைப் பார்த்தார்.

"என் யூரியா மூட்டையில கைய வச்சீகளா?"

"கொஞ்சந்தேன் எடுத்தேன்."

சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த பெட்டியைத் திறந்தார். அது வைவதைவிட மோசமாக இருந்தது. பேச்சை மாற்றலாம் என்று நினைத்தோ என்னவோ, சித்தப்பா என்னிடம் குனிந்து, "ஆத்தா, இங்கன தேனியிலயே ஒருத்தன் என்னமோ ஒரு பொட்டி மாட்டி விடுறானாமே? அதை மாட்டிட்டா யூரியா இல்லாமலே ஓடுமாம்ல? பத்து நிமிச வேலைன்னாக. இப்பவே மாட்டுனா மூணு மணிக்குத் திண்டுக்கல்லு போயிறலாம்" என்றார்.

அந்தப் பெட்டி எனக்குத் தெரியும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று இன்ஜினிடம் பொய் சொல்லும் பெட்டி. வண்டி பாட்டுக்குப் பறக்கும், நாக்ஸ் முழுவதும் வெளியே போகும். அதோடு சட்டத்துக்கும் விரோதம்.

என் கண் சித்தியிடம் போனது. அவர் பழம் அல்லவா? ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பெட்டியை வாங்கிவரச் செல்லப்பாண்டியை அனுப்பிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

"அந்தப் பொகை என்ன செய்யும்?" என்று சித்தி கேட்டார்.

"மூச்சுக் குழாயை அரிக்கும் சித்தி. வெயில் பட்டா ஓசோன்னு ஒண்ணா மாறும். அது எல தழைக்கும் ஆகாது. திராட்சை எலையில பழுப்புப் புள்ளியா விழுகும்."

"என் கொடியிலயா?"

"ஒங்க கொடி, பக்கத்துத் தோட்டத்துக் கொடி, எல்லாத்துலயுந்தான்."

சித்தி முந்தானையை இழுத்துச் செருகினார். "பொட்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம். அந்தத் தம்பி பைய வேலையப் பாக்கட்டும். ஏங்க, பழப் பெட்டிய எறக்குங்க."

"எங்கன எறக்க?"

"ரோட்டோரத்துல."

சாமிமார் வாங்கிய சந்தை

கார்த்திகையில் எங்கள் பைபாஸைப் பார்த்திருக்கிறீர்களா? ஆந்திரா, கர்நாடகா, நம் வடக்கு மாவட்டங்கள் என்று எங்கிருந்தெல்லாமோ வேனும் பஸ்சுமாகக் கறுப்பு வேட்டிகள் போய்க்கொண்டே இருக்கும். மலைக்குப் போகிறவர்கள் அவசரத்தில் இருப்பார்கள். மலையிலிருந்து திரும்புகிறவர்கள், வீட்டுக்கு என்ன வாங்கிப் போகலாம் என்று ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வருவார்கள். சித்தி கணக்குப் போட்டது இந்தத் திரும்புகிற கூட்டத்தை.

ஒர்க்‌ஷாப் வாசலில் வேப்ப மர நிழலில் பெட்டிகளை அடுக்கினோம். சித்தி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நல்ல கொத்துகளாக எடுத்து மேலே பரப்பினார். முதல் அரை மணி நேரம் ஒருவரும் நிற்கவில்லை. சித்தப்பாவின் முகத்தில் தென்னை முளைக்கத் தொடங்கியது. எனக்குத் தாங்கவில்லை.

"சும்மா நின்னா எப்பிடிச் சித்தப்பா? கூப்புடுங்க!"

கழுத்தில் ஜெபமாலையோடு அவர் ரோட்டோரத்தில் இறங்கி, தொண்டையைச் செருமி, "சாமி சரணம்! சாமி, பன்னீர் திராட்சை சாமி!" என்று ஒரு குரல் கொடுத்தார் பாருங்கள். எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் மைக் இல்லாமல் கத்துகிற குரல் அது. போன ஒரு பஸ் தள்ளிப் போய் நின்று, ரிவர்ஸிலேயே வந்தது.

தெலுங்குச் சாமிமார். சித்தப்பாவுக்குத் தெலுங்கு தெரியாது. பிற மொழி என்றால் அவருக்கு எல்லாமே மலையாளம்தான். "நல்ல மதுரம் சாமி, கழிச்சு நோக்கு!" என்று தின்று பார்க்கச் சொல்லி ஆளுக்கொரு பழத்தைக் கையில் திணித்தார். மதுரம் அவர்களுக்கும் புரிந்தது. குருசாமி ஒரு பழத்தை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். அவர் கண்ணைத் திறப்பதற்குள் பின்னால் இருந்தவர்கள் பெட்டியைத் தூக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒரு பஸ் நின்றால் போதும், அடுத்த பஸ் தானாக நிற்கும். டயர் மாற்ற வந்த டிரைவர்கள், டீ கொண்டுவந்தவர், எங்கள் மேனேஜர் என்று எல்லோரும் வாங்கினார்கள். மிச்சம் இருந்ததைத் தேனி மார்க்கெட் பழக்கடைக்காரர் ஒருவர் கேள்விப்பட்டு, குட்டியானை வேன் கொண்டுவந்து ஏற்றிப் போனார். "அடுத்த அறுப்பு எப்பன்னு சொல்லி விடுங்கக்கா" என்று சித்தியிடம் கேட்டுவிட்டுத்தான் போனார். எனக்குப் பூரிப்பு தாங்கவில்லை. சித்தி மட்டும் சிரிக்காமல், காலிப் பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்று போட்டுக்கொண்டிருந்தார்.

வெயில் தாழ்ந்தபோது செல்லப்பாண்டி நல்ல டெஃப் ஊற்றி, லேப்டாப்பைச் சொருகி, இன்ஜினைக் கிளப்பினான். விளக்கு அணைந்தது. உறுமல் பழையபடி சீராக இருந்தது.

ஒரு போன்

சித்தப்பா கை கழுவிக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. ஈரக் கையால் தடவியதில் ஸ்பீக்கரில் போய் விழுந்தது.

"அண்ணே, கெங்குவார்பட்டி நர்சரி. நீங்க சொன்ன தென்னங்கன்னு அம்புட்டையும் எடுத்து வாசல்ல அடுக்கிட்டேன். திண்டுக்கல்லுல லோடு எறக்கிட்டு வாரப்ப ஏத்திக்கிறேன்னீகளே, கெளம்பிட்டீகளா?"

சித்தியின் கையில் இருந்த பெட்டி அப்படியே நின்றது. நான் சித்தப்பாவைப் பார்க்கவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை.

"அப்ப, வண்டி கெளம்புறதுக்கு முன்னாடியே கன்னுக்குச் சொல்லி வச்சுட்டீக" என்றார் சித்தி. சத்தமே இல்லை. "எம் பழம் போய்ச் சேராதுன்னே நெனச்சிருக்கீக."

சித்தப்பா ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். போனுக்குள் அந்த ஆள், "அண்ணே? அண்ணே?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

"தம்பி," என்றார் சித்தப்பா கடைசியில். "கன்னு வேண்டாம்ப்பா. ஒன்னைய அலைய விட்டதுக்கு மன்னிச்சுக்க."

"என்னண்ணே இப்பிடிச் சொல்லுறீக? ஒரு பத்தாவது எடுத்துக்கங்க."

"ஒண்ணுகூட வேண்டாம். எங்க தோட்டத்துல எடமில்ல."

போனை வைத்துவிட்டு, சித்தியின் கையில் இருந்த பெட்டியை வாங்கி லாரியில் ஏற்றினார். மிச்சப் பெட்டிகளையும் அவரே ஏற்றினார். என்னை ஒன்றும் தொட விடவில்லை. அறுப்பு முடிந்த கொடியைக் கொஞ்ச நாள் ஆறவிட்டு, கிளையெல்லாம் வெட்டி விடுவார்கள். கவாத்து என்பது அதுதான். அப்போதுதான் புதுத் தளிர் வந்து அடுத்த காய்ப்பு பிடிக்கும். பிடுங்கிப் போடப் போகிற கொடிக்கு ஒருவரும் கவாத்து செய்வதில்லை.

கேபின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, சித்தியின் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்:

"போற வழியில உத்தமபாளையத்துல நின்னு, கவாத்துக்கு ஆளு சொல்லிட்டுப் போயிருவமா ஞானம்?"

சித்தி படியில் கால் வைத்து ஏறி உட்கார்ந்தார். தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டார். கண்ணை ஒரு தடவை துடைத்துக்கொண்டார்.

"வெரசா எடுங்க. இருட்டிருச்சுன்னா அந்த ஆளு வீட்ல இருக்க மாட்டாரு."